கனத்தில் இல்லை காரணம்

“இரும்பு மட்டம் சார், அதான் வளைஞ்சிருச்சு.” ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் என்று குளிருக்கு விறகு எரிக்கும் ஊர்களில் இந்தத் தீர்ப்பைக் கேட்காதவர் குறைவு. கணப்படுப்பின் கதவு சரியாக மூடவில்லை, மேல்தகடு நெளிந்துவிட்டது, தீநாக்கைச் சுற்றி அனுப்பும் உள்தகடு தொய்ந்து கீழே இறங்கிவிட்டது, எதுவானாலும் குற்றவாளி இரும்புதான். தீர்ப்போடு பரிகாரமும் கையோடு வரும்: “ஆறு எம்.எம். போட்டதுதான் தப்பு. பத்து எம்.எம். பிளேட்ல அடிச்சுத் தர்றேன், ஜென்மத்துக்கும் அசையாது.” வீட்டுக்காரர் தலையாட்டுகிறார். தங்கும் விடுதி நடத்துகிறவர் தலையாட்டி முன்பணமும் கொடுக்கிறார்.

இந்தக் கருத்து தவறு. சில்லறைத் தவறென்றால் விட்டுவிடலாம். ஆனால் இது பணத்தைத் தின்கிறது, அடுத்த அடுப்பையும் அதே வழியில் கெடுக்கிறது, அறையில் தூங்குகிறவர்களை ஆபத்தில் வைக்கிறது. அதனால் மறுத்துத்தான் ஆக வேண்டும்.

மறுப்பதற்கு முன் அந்தக் கட்சியின் வாதத்தை அதன் முழு பலத்தோடு வைத்துவிடுகிறேன். அதற்கு மூன்று கால்கள். முதலாவது, கண்ணால் கண்டது: மெல்லிய தகட்டில் அடித்த அடுப்பு ஒரே குளிர்காலத்தில் அப்பளம்போல் நெளிகிறது, கனமான அடுப்பு சில வருடம் தாக்குப்பிடிக்கிறது. இரண்டாவது, வரலாறு: வெள்ளைக்காரர் காலத்து பங்களாக்களில் இருக்கும் வார்ப்பிரும்புக் கணப்புகள் இன்றும் எரிகின்றன. மூன்றாவது, பொறியியல்: தகட்டின் கனத்தை இரட்டித்தால் அதை வளைக்க எட்டு மடங்கு விசை வேண்டும். மூன்று தகவலும் சரிதான். அவற்றிலிருந்து எடுக்கும் முடிவுதான் பிசகு.

1. வெப்பம் இரும்பை வளைப்பதில்லை. வெப்ப வேறுபாடுதான் வளைக்கிறது.

ஒரு தகடு முழுவதும் ஒரே சீராகச் சூடாகி, நீள்வதற்கு நாலாபுறமும் இடமும் இருந்தால் அது நேராகவே இருக்கும். நீளும், அகலும், ஆறியதும் பழைய அளவுக்குத் திரும்பும். சாதாரண எஃகு ஒரு டிகிரி செல்சியஸுக்குத் தன் நீளத்தில் ஏறத்தாழ பத்து லட்சத்தில் 12 பங்கு நீள்கிறது. கேட்கும்போது ஒன்றுமில்லாத அளவாகத் தோன்றும். அரை மீட்டர் தகட்டை 400 டிகிரி சூடேற்றிப் பாருங்கள்: 2.4 மில்லிமீட்டர் நீண்டிருக்கும். கதவும் சட்டமும் சந்திக்கும் இடத்தில் 2.4 மில்லிமீட்டர் என்பது பெரிய தூரம்.

அடுப்புக்குள் எந்தத் தகடும் சீராகச் சூடாவதில்லை. நடுவில் தீநாக்கு நேரடியாக நக்குகிறது. ஓரம் வெளிச்சுவரோடு வெல்டிங்கில் ஒட்டிக் கிடக்கிறது. அந்தச் சுவரோ அறைக் காற்றில் ஆறிக்கொண்டே இருக்கிறது. நடு நீளப் பார்க்கிறது, ஓரம் விட மறுக்கிறது. போக்கிடம் இல்லாத நீளம் மேலேயோ கீழேயோ புடைக்கிறது. நாம் “வளைஞ்சிருச்சு” என்று சொல்வது இந்தப் புடைப்பைத்தான். இதில் இரும்பின் தரம் என்ன குற்றம் செய்தது? எந்த உருக்காலையின் சாதாரண எஃகும், எவ்வளவு சுத்தமானதும், சூட்டில் ஏறக்குறைய இதே அளவுதான் நீளும்.

2. கணக்கில் கனம் எங்கே வருகிறது?

நீள விடாமல் இறுக்கிப் பிடித்த எஃகுத் தகட்டில், வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் உள்ளே ஏறத்தாழ 2.4 மெகாபாஸ்கல் அழுத்தம் எழுகிறது. நம் சந்தையில் கிடைக்கும் சாதாரண எம்.எஸ். பிளேட் தாங்கும் எல்லை 250 மெகாபாஸ்கல் அளவு. வகுத்துப் பாருங்கள். சுமார் 100 டிகிரி வேறுபாடு போதும், தகடு தன் எல்லையைத் தொட்டு நிரந்தரமாக உருமாறத் தொடங்கும். விறகடுப்பில் நடுவுக்கும் ஓரத்துக்கும் 100 டிகிரி வேறுபாடு வருவது சாதாரணம்.

இந்தக் கணக்கில் நீளும் விகிதம் இருக்கிறது, விறைப்பு இருக்கிறது, வெப்ப வேறுபாடு இருக்கிறது. கனம் இல்லை. மூன்று எம்.எம். தகட்டிலும் பன்னிரண்டு எம்.எம். தகட்டிலும் எழும் அழுத்தம் ஒன்றே. கனமான தகட்டுக்குப் புடைத்துக் கிளம்பும் அவசரம் குறைவு என்பது உண்மை. எட்டு மடங்கு கணக்கு இங்கேதான் பொருந்தும். சூட்டைப் பக்கவாட்டில் கொஞ்சம் கூடுதலாகப் பரப்பும் என்பதும் உண்மை. ஆனால் அழுத்தம் மறைந்துவிடுவதில்லை. புடைக்க முடியாத தகடு தன்னையே நசுக்கிக்கொள்கிறது, இல்லையென்றால் வெல்டிங்கைப் பிளக்கிறது. மெல்லிய அடுப்பு நெளிந்து காட்டிக்கொடுக்கிறது. கனமான அடுப்பு மூலையில் விரிசல் விட்டுப் புகையைக் கசிய விடுகிறது. நெளிவு கண்ணுக்குத் தெரியும். விரிசல் பெயிண்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். எது மேல்?

இன்னும் சந்தேகம் இருப்பவர்கள் ரயில் தண்டவாளத்தைப் பார்க்கலாம். இந்திய ரயில்வே பயன்படுத்தும் முக்கியமான தண்டவாளங்கள் மீட்டருக்கு 52 கிலோவும் 60 கிலோவும் எடையுள்ளவை. எந்த வீட்டு அடுப்பிலும் அவ்வளவு கனமான இரும்பு கிடையாது. அதைச் சூடேற்றுவது வெயில் மட்டுமே. ஆனாலும் நீள வழியின்றி இறுகிவிட்ட தண்டவாளம் கோடையில் பக்கவாட்டில் நெளிந்துகொள்கிறது. ரயில்வே பொறியாளர்கள் அதற்குத் தேடிய தீர்வு கனத்தைக் கூட்டுவது அல்ல. இணைப்புகளில் இடைவெளி விட்டார்கள். இடைவெளியில்லாமல் பற்றவைத்த நீளத் தண்டவாளங்களில், எந்த வெப்பநிலையில் அவற்றை இறுக்க வேண்டும் என்று விதி வகுத்தார்கள். வெயிலுக்கே இந்த ஏற்பாடு என்றால் நெருப்புக்கு?

3. பட்டறைக்காரரின் கையே அவர் வாயை மறுக்கிறது.

கோணிய சேனலையோ முறுக்கிய பிளேட்டையோ நேராக்க நல்ல வெல்டர் சுத்தியலைத் தேடுவதில்லை. காஸ் டார்ச்சை எடுக்கிறார். புடைத்த பக்கத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு ஒரே இடத்தில் காட்டுகிறார். அந்த வட்டம் சிவக்கிறது. சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு அதை விரிய விடாமல் பிடித்துக்கொள்கிறது. சிவந்த இடம் பக்கவாட்டில் போக முடியாமல் உள்ளுக்குள் நசுங்கித் தடிக்கிறது. டார்ச்சை எடுத்துவிட்டு ஈரச் சாக்கை வைக்கிறார். ஆறும்போது அந்த இடம் முன்பிருந்ததைவிடச் சுருங்கி, சுற்றியுள்ள இரும்பைத் தன் பக்கம் இழுக்கிறது. கோணல் நிமிர்கிறது. இருபது எம்.எம். பிளேட்டைக்கூட இப்படி நிமிர்த்துகிறார்கள். கப்பல் கட்டும் தளங்களில் இது அன்றாட வேலை.

இப்போது கேள்வி. உள்ளூர்ச் சூட்டால் கனமான தகட்டை நேராக்க முடியும் என்றால், அதே உள்ளூர்ச் சூட்டால் கனமான தகட்டைக் கோணலாக்கவும் முடியாதா? காலையில் டார்ச்சால் பிளேட்டை வளைத்து நிமிர்த்தியவர், மாலையில் “பத்து எம்.எம். போட்டா சூட்டுக்கு வளையாது” என்று சொல்வது எந்த நியாயம்? தன் கைக்குத் தெரிந்ததை அவர் அடுப்புக்குப் பொருத்திப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அடுப்பின் உள்தகடும் தினமும் இரவில் டார்ச் பட்டு, காலையில் ஈரச்சாக்கு பட்ட இரும்புதான். ஒவ்வொரு இரவும் கொஞ்சம் நசுங்குகிறது, ஒவ்வொரு காலையும் கொஞ்சம் சுருங்குகிறது. ஒரு சீசன் முடிவில் கணக்கு கூடி நிற்கிறது.

4. பங்களா சாட்சியை யாராவது குறுக்கு விசாரணை செய்தார்களா?

“அந்தக் காலத்து இரும்பு” என்று பெருமூச்சு விடுகிறவர்கள், அந்தக் கணப்பில் இரும்பு எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்ப்பதில்லை. நீலகிரியின் பழைய பங்களாக்களில் பெரும்பாலும் இருப்பது திறந்த கணப்பு. சூட்டைத் தாங்குவது கல்லும் செங்கல்லும். இரும்பு என்றால் விறகு வைக்கும் கிராதியும், சில இடங்களில் பின்புறம் சாய்த்து வைத்த ஒரு வார்ப்புத் தகடும். அந்தத் தகடும் சுவரோடு ஒட்டவைக்கப்படவில்லை. சாய்ந்து நிற்கிறது, நீள்கிறது, சுருங்குகிறது, யாரும் தடுப்பதில்லை. மேலும் திறந்த கணப்பு அறைக்காற்றை அள்ளி அள்ளிப் புகைக்கூண்டில் ஏற்றுவது. வெப்பத்தின் பெரும்பகுதி மேலே போய்விடும், இரும்பு பிழைத்துக்கொள்ளும். இன்றைய மூடிய எஃகு அடுப்பு அந்த வெப்பத்தைத் தனக்குள் அடக்கி வைக்கிறது. இரண்டையும் பக்கத்தில் நிறுத்தி “அது நிக்குது, இது வளையுது” என்றால் ஒப்பீடே தப்பு.

சரி, வார்ப்பிரும்பு அடுப்புகளை எடுத்துக்கொள்வோம். பென்ஜமின் பிராங்க்ளின் தன் பென்சில்வேனியக் கணப்பை விளக்கி 1744 இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அந்த அடுப்பு தனித்தனியாக வார்த்த தகடுகளைக் கோத்து நிறுத்தியது. அதற்குப் பின் வந்த நல்ல வார்ப்பிரும்பு அடுப்புகளும் அந்த வழியில்தான் வந்தன: பக்கத் தகடு தனி, மேல்தகடு தனி, பள்ளத்தில் உட்காரும், போல்ட் பிடிக்கும், இடுக்கில் அடுப்புச் சாந்து அடைக்கும். ஒவ்வொரு தகடும் தன் போக்கில் அசைய வழி உண்டு. மேலே தெரியும் பூவேலையும் வரிவரியான மேடுகளும் அழகுக்கு மட்டும் வைத்தவை அல்ல. தகட்டுக்கு விறைப்பு தருபவை. பழைய அடுப்பை நிறுத்தி வைத்திருப்பதில் இந்தக் கட்டமைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. கனத்தை மட்டும் பார்த்தவர் அதைத் தவறவிட்டார்.

வார்ப்பிரும்பு வளையாது என்பதும் ஒரு பெருமையா? அது வளைய மாட்டாது, உடையும். எரியும் அடுப்பின் மேல் குளிர்ந்த நீர் கொட்டினால் கேட்கும் சத்தமே போதும். நீண்டகாலம் கடுஞ்சூட்டில் திரும்பத் திரும்பக் காய்ந்தால் சாம்பல்நிற வார்ப்பிரும்பு நிரந்தரமாகப் பருத்தும் போகும். உள்ளே இருக்கும் கார்பைடு கிராஃபைட்டாகச் சிதைவதும், இடுக்குகளில் ஆக்சிஜன் புகுந்து உள்ளிருந்தே துருவேறுவதும் காரணம். அப்படி உடைந்தவை, பருத்தவை எல்லாம் எங்கே? காயலான் கடைக்குப் போய்விட்டன. நின்றவை மட்டும் நம் கண்ணில் படுகின்றன. தப்பியவர்களை மட்டும் எண்ணிவிட்டு “அந்தக் காலத்தில் யாரும் சாகவில்லை” என்று சொல்லும் புள்ளிவிவரம் இது.

5. சிவந்த இரும்புக்குக் கனம் கவசமாகுமா?

400 டிகிரி வரை சாதாரண எஃகு தன் வலிமையில் பெரிதாக எதையும் இழப்பதில்லை. 600 இல் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. 700 இல் ஏறத்தாழ கால் பங்குதான் மிச்சம். இருட்டறையில் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் மங்கிய சிவப்பே 500, 550 டிகிரியைச் சொல்கிறது. விளக்கு எரியும்போதே அடுப்பின் கழுத்து சிவந்து தெரிந்தால் அது 600 ஐத் தாண்டிவிட்டது. அந்த நிலையில் தகடு தன் எடையைத் தானே சுமக்கத் திணறும். கனமான தகட்டுக்கு எடையும் அதிகம் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

சூடு ஏற ஏற இன்னொன்றும் நடக்கிறது. 570 டிகிரிக்கு மேல் இரும்பின் மீது படியும் ஆக்சைடு வேறு வகையாக மாறி, அரிப்பு வேகமெடுக்கிறது. தொய்ந்த உள்தகட்டைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு அந்த அடையாளம் தெரியும்: தீ பட்ட முகத்தில் கருநீலச் செதில்கள், விரலால் தட்டினால் பொலபொலவென்று உதிரும், செதில் உதிர்ந்த இடத்தில் தகடு குழிந்திருக்கும், நடு ஒரு கிண்ணம்போல் கீழே இறங்கியிருக்கும், நான்கு ஓரமும் வெல்டிங் செய்திருந்தால் ஏதாவது ஒரு மூலையில் மயிரிழை விரிசல் ஓடும். இவ்வளவும் எழுதி வைத்த வாக்குமூலம். அதைப் படிக்காமல் “இரும்பு மட்டம்” என்று தூக்கி எறிகிறோம்.

சிவக்கும் வரை எரித்தது யார்? பெரும்பாலும் கனமே அந்த வேலையைத் தூண்டிவிடுகிறது. நூறு கிலோ இரும்பை 200 டிகிரி ஏற்ற 9, 10 மெகாஜூல் வெப்பம் வேண்டும். ஆறு கிலோவாட் தரும் அடுப்பு என்றால், முதல் அரை மணி நேரத்து வெப்பம் முழுவதையும் இரும்பே விழுங்கிக்கொள்ளும். விடுதியில் ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து சேர்ந்த விருந்தினர் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். “என்னங்க, சூடே வரலையே?” பணியாள் காற்றுத் துளையை முழுவதும் திறக்கிறார், இன்னும் நாலு கட்டை திணிக்கிறார், சில சமயம் கதவையே அரைகுறையாகத் திறந்து வைக்கிறார். உள்ளே நடு சிவக்கிறது, வெளியே ஓரம் இன்னும் குளிர்ந்தே கிடக்கிறது. வளைவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டியதில்லை. கனத்தை விலை கொடுத்து வாங்கி, அதன் சோம்பலைத் தாங்க முடியாமல், அதையே கெடுக்கிறோம்.

6. சாம்பலைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஏன்?

கிராதி தொய்ந்துவிட்டது என்று வருகிறவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, சாம்பல் தட்டை எப்போது காலி செய்தீர்கள் என்பது. கிராதிக்கு மேலே தணல். கீழே காலியிடம். அந்தக் காலியிடம் வழியாகத்தான் எரிவதற்கான காற்று மேலே ஏறுகிறது; ஏறும் வழியில் கிராதிக் கம்பிகளையும் குளிர்விக்கிறது. சாம்பல் நிறைந்து கம்பியைத் தொட்டுவிட்டால் காற்று நின்றது, குளிர்ச்சியும் நின்றது. மேலேயும் சூடு, கீழேயும் சூடு. கம்பி எவ்வளவு கனமானாலும் தொய்யும். விறகுக்கு என்று செய்த கிராதியில் நிலக்கரி போட்டாலும் அதே கதி. நிலக்கரித் தணல் கம்பியோடு ஒட்டிக் கிடந்து கடுமையாகக் காய்ச்சும்.

இதற்கு நேர்மாறான அடுப்பும் உண்டு. கிராதியே இல்லாத, தட்டையான அடிப்பாகம் உள்ள விறகடுப்பில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் சாம்பல் கிடப்பது நல்லது. அது தணலுக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே மெத்தையாக நின்று சூட்டைத் தடுக்கும். அதைத் தினமும் பளபளவென்று கூட்டி அள்ளுகிறவர் தன் அடித்தகட்டைத் தானே நெருப்பில் நிறுத்துகிறார். ஒரு அடுப்பில் சாம்பல் எதிரி, இன்னொன்றில் காவல். “நல்ல இரும்பா, கெட்ட இரும்பா” என்ற ஒற்றைக் கேள்வியில் இந்த வேறுபாடு எங்கே அடங்கும்?

7. ஈர விறகு அடுப்பைக் காப்பாற்றும் என்பது அடுத்த மூடநம்பிக்கை.

“காஞ்ச கட்டை சுர்ருனு எரிஞ்சு அடுப்பைத் தின்னுரும், கொஞ்சம் ஈரமா இருந்தா நிதானமா எரியும்.” மலையில் இது பரவலான பேச்சு. கற்பூர மரமும் சீகை மரமும் வெட்டிய சூட்டில் தண்ணீர் நிறைந்தவை. இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில், கூரையில்லாமல் அடுக்கிய விறகு காய்வதும் இல்லை. அடுப்புக்கு உகந்த விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

ஈர விறகில் எழும் வெப்பத்தில் ஒரு பகுதி தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிறது. தீ மந்தமாகிறது, புகை முழுதும் எரியாமல் மேலே போகிறது, குளிர்ந்த புகைக்கூண்டின் சுவரில் தாராகப் படிகிறது. இரவெல்லாம் தணல் நிற்கட்டும் என்று காற்றை அடைத்துப் புகைய விடுவதும் இதே தாரைத்தான் சேர்க்கும். பல வாரம் சேர்ந்த தார் ஒருநாள் பற்றிக்கொண்டால் புகைக்கூண்டுக்குள் வெப்பம் 1000 டிகிரியைத் தாண்டும். நிதானமாக எரிந்த அத்தனை இரவுகளின் பாக்கியும் ஒரே இரவில் வசூலாகிவிடும். புகைக்குழாய் முறுக்கிக்கொள்ளும், இணைப்பு பிரியும், மரக்கூரை பக்கத்தில் இருந்தால் வீடே போகும். அடுப்பைக் காப்பாற்றுவது காய்ந்த விறகும் அளவான காற்றும். ஈரத்தைக் கொண்டு தீயை அடக்குகிறவர் அபாயத்தை அடுப்பிலிருந்து கூரைக்கு மாற்றி வைக்கிறார்.

8. “வளைஞ்சா என்ன, எரியுதுல்ல?”

இந்த வாதத்துக்குத்தான் கடுமையான பதில் வேண்டும். வளைவு அழகுப் பிரச்சினை என்று நினைப்பவர்கள் அடுப்பை ஒரு பெட்டியாக மட்டும் பார்க்கிறார்கள். மூடிய அடுப்பு என்பது காற்றை அளந்து விடும் கருவி. கதவுச் சட்டம் இரண்டு மில்லிமீட்டர் கோணினால் அந்த அளவு கைவிட்டுப் போகிறது. காற்றுத் துளையை மூடினாலும் இடுக்கு வழியாகக் காற்று புகுந்து தீயை ஊதிக்கொண்டே இருக்கும். தீ கூடும், சட்டம் இன்னும் கோணும், இடுக்கு இன்னும் பெரிதாகும். உள்தகடு தொய்ந்தால் தீநாக்கு சுற்றிப் போக வேண்டிய வழியை விட்டு நேரே குழாய்க்குள் பாயும், குழாய் சிவக்கும். புகைபோக்கி அடைத்துக்கொண்ட இரவில் அதே இடுக்கு வழியாகக் கார்பன் மோனாக்சைடு அறைக்குள் வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, தூங்குகிறவரை எழுப்பாது. ஜன்னலை இறுகச் சாத்திக்கொண்டு தூங்கும் குளிர் ஊர்களில் இதை “எரியுதுல்ல” என்று தள்ளிவிட முடியாது.

இடுக்கு இருக்கிறதா என்று பார்க்க நிபுணர் வேண்டாம். ஆறிய அடுப்பின் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுங்கள். இறுகப் பிடித்தால் சரி. வழுக்கிக்கொண்டு வந்தால் கதவைச் சுற்றிய கண்ணாடி இழைக் கயிறு தேய்ந்திருக்கிறது, இல்லை சட்டம் கோணியிருக்கிறது. கயிற்றை மாற்ற ஆகும் செலவு சொற்பம். அதை மாற்றாமல் ஒரு சீசன் எரித்தால் மாற்ற வேண்டியது அடுப்பு.

இத்தனைக்கும் பிறகு மறுதரப்பில் என்ன மிஞ்சுகிறது? தகரம்போன்ற தகட்டில் அடுப்பு அடிக்கக் கூடாது என்பது மிஞ்சுகிறது. அதை நானும் ஏற்கிறேன். ஒரு அளவுக்குக் கீழே போனால் துருவே தின்றுவிடும். ஆனால் போதுமான கனம் வந்த பிறகு மேலும் மேலும் கனம் கூட்டுவது, மேலே எண்ணிய எந்தக் காரணத்தையும் தொடுவதில்லை.

இன்னொரு தவறான எதிர்பார்ப்பையும் இதோடு விட வேண்டும். உள்ளே தீ நேரடியாகப் படும் தகடு, கிராதி, தீச்செங்கல் ஆகியவை தேய்மானப் பொருள்கள். தெரிந்த தயாரிப்பாளர்கள் அவற்றைக் கழற்றி மாற்றும்படி செய்கிறார்கள், உதிரியாகவும் விற்கிறார்கள். அடுப்பின் உடம்புக்கு வர வேண்டிய அடியை அவை வாங்கிக்கொள்கின்றன. “நல்ல அடுப்புன்னா உள்ள எதுவும் மாத்தக் கூடாது” என்று சொல்லி அதையும் சுற்றிலும் வெல்டிங் அடித்து நிரந்தரமாக்கும் பட்டறை, சில நூறு ரூபாய்த் தகட்டைக் காப்பாற்றப் போய் முழு அடுப்பையும் பலி கொடுக்கிறது.

ஆகவே அடுப்பு வாங்கப் போகிறவர் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. உள்தகடு தாங்கியின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறதா, வெல்டிங்கில் ஒட்டியிருக்கிறதா? உட்கார்ந்திருந்தால் இரண்டு பக்கமும் நீள எத்தனை மில்லிமீட்டர் இடம் விட்டிருக்கிறது? தீ படும் சுவர்களுக்குத் தீச்செங்கல் பதித்திருக்கிறதா? பெரிய தட்டை முகங்களுக்கு மடிப்போ விறைப்புப் பட்டையோ கொடுத்திருக்கிறதா? கதவுச் சட்டம் தீயின் நேர்ப்பாதையிலிருந்து விலகியிருக்கிறதா? கிராதியையும் கயிற்றையும் நாளை எங்கே வாங்குவது? வீட்டுக்கு வந்த பிறகு கடமை நம்முடையது: முதல் சில தீயைச் சிறிதாக மூட்டுவது, புகைக்குழாயில் ஒரு காந்த வெப்பமானி ஒட்டிவைப்பது, காய்ந்த விறகு, காலியான சாம்பல் குழி, வருடத்துக்கு ஒருமுறை புகைக்கூண்டு சுத்தம். கருப்பு பெயிண்ட் ஒரு இடத்தில் மட்டும் வெளுத்துச் சாம்பல்நிறமானால், அங்கே அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று பொருள். பெயிண்டை மறுபடி அடிப்பதற்கு முன் காரணத்தைத் தேட வேண்டும்.

இதில் எதுவும் பட்டறைக்கு எட்டாத வித்தையில்லை. டார்ச்சால் பிளேட்டை நிமிர்த்தத் தெரிந்தவருக்கு, பிளேட் எதனால் கோணும் என்பதும் தெரியும். தகட்டை ஓரத்தில் மூன்று மில்லிமீட்டர் குறைத்து வெட்டி, நாலு தாங்கி வைத்து உட்கார வைப்பதற்குக் கூடுதல் செலவும் இல்லை. அவர் ஏன் செய்வதில்லை? யாரும் கேட்காததால். “எத்தனை எம்.எம்., எத்தனை கிலோ” என்று கேட்கிறோம், எம்.எம்.மும் கிலோவும் தருகிறார்; கிலோவுக்கு இவ்வளவு என்று பில் போடுகிறார். அடுத்த சீசனில் அதே தகடு வேறு மூலையில் பிளக்கும்போது இன்னும் கனமாக ஒன்று அடித்துத் தருகிறார். நாம் எடையைக் கேட்கும்வரை நமக்குக் கிடைப்பது எடைதான். நீள இடம் எங்கே என்று கேட்கத் தொடங்கினால் அதையும் அவரே செய்து தருவார், அதுவும் குறைந்த இரும்பில்.